கடைக்கார ஆச்சி பதில்கள்: ஒரு பக்கச் சீட்டும் மூணு பக்கச் சில்லறையும்

போன இதழ்ல "பலசரக்குச் செலவு பத்தி எழுதிக் கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டாலும் போட்டாங்க, கடுதாசி வந்து குமிஞ்சிட்டு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான். அதனால அந்த ஒண்ணுக்கு நீட்டி எழுதுதேன், மத்ததுக்கெல்லாம் சுருக்கம்தான், கோவிச்சுக்கிடாதீங்க. புதுசா வாசிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை: திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவியில எங்க மாமனார் வச்ச பலசரக்குக் கடையில முப்பத்தோரு வருஷம் கல்லாவுல இருந்தவ நான். எங்க வீட்டுக்காரவுக போனதுக்கப்புறம் கடையை எடுத்துட்டோம். இப்ப பாளையங்கோட்டையில மகன் வீட்டுல இருக்கேன். தராசுக்கு அந்தப் பக்கம் நின்னு வாங்குறவங்களுக்கு, இந்தப் பக்கம் இருந்து பாத்தவ சொல்லுத பதில் இது.

கேள்வி: நாங்கள் நாலு பேர். கணவர், நான், எட்டாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். பலசரக்குக்கு மாதம் 9,000 ரூபாய் என்று எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் தேதி எழுதும் சாமான் சீட்டு 6,500 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் மாதம் முடியும்போது 12,000 ஆகிவிடுகிறது. சீட்டில் எதைக் குறைக்கலாம் ஆச்சி? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெருமாள்புரம்)

பதில்: சீட்டுல ஒண்ணையும் குறைக்காத தாயி. உன் சீட்டு யோக்கியமான சீட்டு. 6,500-ல நிக்குதுன்னா நீ யோசிச்சுத்தான் எழுதியிருக்க. ஓட்டை வேற இடத்துல இருக்கு.

எங்க கடையில கடன் எழுதுத பற்று நோட்டு உண்டு. வீட்டுக்கு ஒரு நோட்டு, நீட்டுவாக்குல இருக்கும். வாத்தியார் வீட்டு நோட்டு ஒண்ணு எனக்கு இன்னும் கண்ணுல நிக்கு. முதல் தேதி சீட்டு ஒரே பக்கம். அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, மிளகா வத்தல், மல்லி, புளி, நல்லெண்ணெய், சீனின்னு அந்த அம்மா முத்து முத்தா எழுதிக் குடுத்துவிடுவாங்க. பக்கத்தைத் திருப்பினா ஆரம்பிக்கும் சங்கதி. ஆறாம் தேதி காப்பிப் பொடி 50 கிராம். எட்டாம் தேதி சீனி கால் கிலோ, அதோட முறுக்கு. ஒன்பதாம் தேதி கடுகு. பதினொண்ணாம் தேதி மறுபடி சீனி, அதோட பிஸ்கட்டு ரெண்டு. இப்படியே மூணு பக்கம் போகும். சம்பளத்தன்னைக்கு சார் வந்து, "சீட்டு 640 ரூவாதானே, எப்படி 1,200 ஆச்சு?"ன்னு சத்தம் போட்டாவ. எங்க வீட்டுல அவுக ஒண்ணும் பேசல. நோட்டை அவங்க முன்னால விரிச்சு வச்சு, முதல் பக்கத்தைத் தனியாவும் பின்னால உள்ள மூணு பக்கத்தைத் தனியாவும் கூட்டச் சொன்னாவ. சார் கணக்கு வாத்தியார் வேற. கூட்டி முடிச்சுட்டு, குடையை எடுத்துக்கிட்டுப் பேசாமப் போயிட்டாங்க.

சீனிக்கு வந்த பிள்ளை சீனியோட மட்டும் போகாது. அதுக்கு நாங்களும் ஒரு காரணம்னு ஒத்துக்கிடுதேன். மிட்டாய்ப் பாட்டிலைக் கல்லாவுக்கு முன்னால, பிள்ளைங்க கண்ணுக்கு நேரா வச்சது நான்தான்.

உன் கணக்குல 12,000-ல 6,500 போனா மிச்சம் 5,500. அதுதான் உன் வீட்டு மூணு பக்கம். இப்ப பற்று நோட்டு கிடையாது, ஆனா போன்ல எல்லாம் பதிஞ்சிருக்குல்லா? எங்க மருமகளும் உன்ன மாதிரிதான் புலம்பிக்கிட்டிருந்தா. ஒரு நாள் ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து அவ போன்ல போன மாசம் பணம் போன வரிசையைப் பாத்தோம். தெருமுனைக் கடைக்கு மட்டும் 23 தடவை. பெருசா ஒண்ணும் இல்ல, 40, 65, 110, 30... அவளுக்கே சிரிப்பு வந்துட்டு. பணமா எண்ணிக் குடுத்திருந்தா பத்து தடவையிலயே கை நின்னுருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மொத மாசம் ஒண்ணையும் நிறுத்தாத. டப்பா மூடியில தேதி மட்டும் போடு. துவரம்பருப்பு ஒரு கிலோ பிரிச்சுக் கொட்டினியா, ஒரு துண்டுத் தாள்ல தேதியை எழுதி மூடியில ஒட்டு. தீர்ந்தன்னைக்கு அதுலயே தீர்ந்த தேதியையும் எழுதி எடுத்து வை. உளுந்து, சீனி, காப்பிப் பொடி, எண்ணெய்னு அஞ்சாறு சாமானுக்குச் செஞ்சாப் போதும், கடுகு வெந்தயத்துக்கெல்லாம் வேண்டாம். எங்க மருமக "உளுந்து மாசம் ஒரு கிலோதான் அத்தை"ன்னு அடிச்சுச் சொன்னா. மூடியைப் பாத்தா 12 நாள்ல தீர்ந்திருக்கு. வாரம் ரெண்டு தடவை மாவு ஆட்டுதோம், நாலுக்கு ஒண்ணு உளுந்து போடுதோம், பெறகு ஒரு கிலோ எப்படிக் காணும்? அவ சீட்டுல ஒரு கிலோ எழுதிட்டு, மிச்சத்தைக் கால் கிலோ, கால் கிலோவா தெருமுனையில வாங்கிக்கிட்டிருந்திருக்கா. ஒவ்வொரு கால் கிலோவோடயும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டு வந்திருக்கு. இப்ப சீட்டுல ரெண்டரைக் கிலோன்னு எழுதுதா. சீட்டு கூடிட்டு, மாசச் செலவு குறைஞ்சிட்டு.

எண்ணெய்க்கு மட்டும் தனி வைத்தியம். பெரிய கேன்ல இருந்து சாய்ச்சு ஊத்துற வீட்டுல எண்ணெய் நிக்கவே நிக்காது. ஞாயித்துக்கிழமை தோறும் அந்த வாரத்துக்குள்ளதைச் சின்ன எண்ணெய்ச் சொம்புல எடுத்து வச்சிரு. மாசம் ரெண்டரை லிட்டர்னா வாரத்துக்கு 600 மில்லிக்குக் கொஞ்சம் கீழ வரும். வியாழக்கிழமையே சொம்பு அடி தெரிஞ்சா, வெள்ளிக்கிழமை வடை கிடையாது. யாரும் யாரையும் ஏசவேண்டாம், சொம்பு சொல்லிரும்.

அடுத்தது நடுச்சீட்டு. பதினஞ்சாம் தேதி ரெண்டாவது சீட்டு ஒண்ணு போடு, 1,500 ரூவாய்க்கு. இடையில என்ன தீர்ந்தாலும் "நடுச்சீட்டுல பாப்போம்"னு ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோ. உப்பும் பாலும் மட்டும் விதிவிலக்கு. 6,500-ம் 1,500-ம் சேர்ந்து 8,000 ஆச்சா, மிச்சம் 1,000 ரூவாயை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில வை, விருந்தாளி வந்தா எடுத்துக்கிடலாம். பிள்ளைங்க தீனியை முதல் சீட்டுலயே எழுதிரணும். கடலை மிட்டாய், பொரிகடலை, அவல் வீட்டுல இருந்தா சாயங்காலம் நாலரை மணிக்குத் தெருமுனைக்கு ஓடுறது பாதியாக் குறையும். பாதிதான், முழுசா நிக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேன்.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். உன் 9,000-ல வெஞ்சனம் சேத்தியா? காய்கறி, மீன், முட்டைக்கெல்லாம் அதுலதான் எடுக்கியாம்மா? அப்படின்னா முதல்ல அதைப் பிரி. வெஞ்சனக் காசு வாரக் காசு, பலசரக்குக் காசு மாசக் காசு. ரெண்டையும் ஒரே பையில போட்டா தக்காளி விலை ஏறுத வாரம் துவரம்பருப்புக் காசு காணாமப் போகும். 2023 ஆடியில தக்காளி கிலோ நூறைத் தாண்டினப்ப எத்தனை வீட்டுல அப்படி நடந்துச்சு! தக்காளியே இல்லாம சொதி வைக்கலாம், அவியல் வைக்கலாம், புளிக்கறி வைக்கலாம். நம்ம ஊர்க்காரிக்கு தக்காளி இல்லேன்னு அடுப்பை அணைக்கணும்னு என்ன இருக்கு? மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையிலயே போ. விலைப் பலகையை வாசல்லயே வாசிச்சுட்டு உள்ள போ, கையில அந்த வாரக் காசை மட்டும் கொண்டு போ, போனை வீட்டுல வச்சுட்டுப் போ. டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுல இன்னும் மலிவுன்னு சொல்லுவாங்க, நெசந்தான். ஆனா அது மொத்த வியாபாரம் நடக்கிற இடம். நாலு பேர் வீட்டுக்கு மலிவா இருக்கேன்னு மூடைக் கணக்குல கத்திரிக்காயைத் தூக்கிட்டு வந்து, புதன்கிழமை சொத்தையைப் பொறுக்கிக் குப்பையில போடாத.

மொத மாசம் 9,000-ல நிக்காது. 10,500-ல வந்து நின்னாலே நல்லதுதான். பிரிட்ஜ் கதவுல ஒட்டினதைக் கிழிச்சுப் போட்டுராத.

நானே பாளையங்கோட்டைக்கு வந்த புதுசுல தள்ளுவண்டி குடுக்கிற பெரிய கடைக்கு அரைக் கிலோ மல்லி வாங்கப் போனேன். 1,840 ரூவாய்க்கு பில்லோட திரும்பினேன். துணி சோப்புப் பொடி ஆறு கிலோ வாங்கினா பிளாஸ்டிக் வாளி இலவசம்னு போட்டிருந்தான். ஐப்பசியில வாங்கின பொடி பங்குனி வரைக்கும் கிடந்து, பாதி கட்டிப்போய் சுத்தியலால உடைச்சு துவைச்சோம். மல்லி வாங்கினேனான்னு கேக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் கல்லாவுல இருந்தவ!

கேள்வி: அரிசி ஏன் 26 கிலோ சிப்பமாக வருகிறது? முன்பெல்லாம் 25 கிலோதானே? இதில் ஏதாவது ஏமாற்று உண்டா? (வாசகர், தச்சநல்லூர்)

பதில்: ஏமாத்து இல்ல தம்பி, வரிக் கணக்கு. 2022 ஜூலை 18-ல இருந்து, பையில கட்டி லேபிள் ஒட்டின அரிசி பருப்புக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டாங்க. 25-க்கு மேல போன மூடைக்குக் கிடையாது. மில்லுக்காரங்க ஒரு கிலோவைச் சேத்துக் கட்டிட்டாங்க. நீங்க செய்யவேண்டியது ஒண்ணுதான்: விலையை 26-ஆல வகுத்துப் பாருங்க, பழைய ஞாபகத்துல 25-ஆல வகுக்காதீங்க. கடையில உங்க கண்ணு முன்னால மூடையில இருந்து அள்ளி நிறுத்துப் போடுத சில்லறை அரிசிக்கும் அந்த வரி இல்ல.

இட்லிக்குக் குண்டு அரிசி போதும். நம்ம அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த அம்பை 16 இருக்கே, மாவுக்கு அது அருமை. சோத்துக்கு வாங்கும்போது பழைய அரிசியா கேளுங்க. பிசானப் போகத்து நெல் அறுப்பு முடிஞ்சு மாசி பங்குனியில வார புது அரிசி விலை இறங்கியிருக்கும், ஆனா சோறு குழையும், காணாது. ஒரு உழக்குப் பழைய அரிசி போடுற இடத்துல புதுசு ஒண்ணே கால் போடணும். மலிவுன்னு வாங்கி, பானையில அதைத் திருப்பிக் குடுப்பீங்க.

கேள்வி: மாமியார் ஆலங்குளம் பக்கம். சித்திரை வந்தால் ஒரு வருஷத்துப் புளி, வத்தல், மல்லி எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கவேண்டும் என்கிறார். அந்த மாதம் என் பட்ஜெட் சாய்ந்து விழுகிறது. மாதாமாதம் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? (வாசகி, வி.எம்.சத்திரம்)

பதில்: உங்க அத்தை சொல்லுதது புளிக்கும் வத்தலுக்கும் சரி. மாசியில இருந்து சித்திரைக்குள்ள புளி உலுக்கி வந்திரும், அப்பதான் விலை கைக்கு எட்டும். சித்திரை வெயில்ல மொட்டைமாடியில காயப்போட்டா வருஷம் தாங்கும். ஐப்பசி மழையில அம்பது கிராம், நூறு கிராமா வாங்குத வத்தல் நமுத்துப்போய், இடிச்சா பொடியாகாம சவம் போல ஒட்டும்.

ஆனா எத்தனை கிலோன்னு அவங்க சொல்லுத கணக்கை அப்படியே கேக்காத. அவங்க சமைச்சது பத்துப் பேருக்கு. உன் வீட்டுக் கணக்கைப் போடு: நாளைக்கு எலுமிச்சங்காய் அளவுன்னு 25 கிராம் வச்சா மாசம் 750 கிராம், வருஷத்துக்கு ஒம்பது கிலோ. இது கொட்டை எடுத்த புளி. கொட்டையோட வாங்கினா பத்துக் கிலோவுக்கு ஆறு கிலோ சொச்சம்தான் தேறும், மிச்சம் புளியமுத்து. அதனால கொட்டைப்புளி விலை பாதிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் வாங்கித் தட்டணும். முக்கால் விலைன்னா தட்டின புளியே வாங்கிரு, கைவலியாவது மிச்சம். மண்பானையில ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்புன்னு மாத்தி மாத்தி அமுக்கி, துணியால வாயைக் கட்டி வை. கறுத்தாலும் கெடாது, பழசாக ஆக வயித்துக்கும் நல்லதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க.

வருஷத்துக்கு வாங்கக் கூடாதது: உளுந்து, ரவை, காப்பிப் பொடி, எண்ணெய். உளுந்துல வசம்பு போட்டாலும் வேப்பிலை போட்டாலும் வண்டு அவதரிக்கத்தான் செய்யும். ரெண்டு மாசத்துக்கு மேல வேண்டாம்.

பணத்துக்கு: வருஷச் சரக்கு 4,800 ஆகுதுன்னு வச்சுக்கோ. வைகாசியில இருந்து மாசம் 400 தனியா எடுத்து வை. அதை உன் சீட்டுல ஒரு சாமான் மாதிரி எழுது, "சித்திரைப் புளி 400"ன்னு. சாமான் வரிசையில எழுதினாத்தான் கை தானா எடுத்து வைக்கும். சேமிப்புன்னு எழுதினா அந்த மாசக் கரண்டு பில்லு தின்னுரும்.

கேள்வி: ரேஷன் கார்டு இருக்கிறது. அரிசி மட்டும் வாங்கி வேலை பார்க்கிற அம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறோம். பருப்பும் பாமாயிலும் வாங்க ரேஷன் கடையில் நிற்க ஒரு மாதிரியாக இருக்கிறது. (வாசகி, என்.ஜி.ஓ. காலனி)

பதில்: துவரம்பருப்பு கிலோ 30 ரூவா. பாமாயில் லிட்டர் 25 ரூவா. சீனி கிலோ 25 ரூவா. வெளியில இன்னைக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். ஒரு மாதிரியா இருக்குறதுக்கு மாசம் எவ்வளவு குடுக்கீங்கன்னு கழிச்சுப் பாருங்க. பருப்பு வேகலைன்னா வெந்நியில அரைமணி நேரம் ஊறவச்சுப் போடுங்க. பாமாயில் உங்களுக்குப் பிடிக்காட்டி தாளிக்க வேண்டாம், விளக்கேத்தவும் வேண்டாம், தீபாவளி முறுக்குக்கு வச்சுக்கிடுங்க.

கேள்வி: செக்குக் கடையில் எண்ணெய் கிலோ கணக்கு, கடையில் கவர் லிட்டர் கணக்கு. எது லாபம்? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிறுக்கும். அப்ப ஒரு கிலோ வாங்கினா லிட்டருக்கு மேல ஏறக்குறைய நூறு மில்லி கூட வரும். லிட்டர் 200-ன்னா, கிலோ 220 வரைக்கும் சமம்தான். கவர்ல இன்னொண்ணைப் பாருங்க. லிட்டர் கவரும் 800 மில்லி கவரும் ஒரே உயரத்துல நிக்கும், தூக்கிப் பாத்தாத் தெரியாது. பின்னாடி பொடி எழுத்துல கிராமுக்கோ மில்லிக்கோ எத்தனை ரூவான்னு அச்சடிச்சிருப்பான். கண்ணாடி போட்டு அதை வாசிங்க. நான் பேரன வாசிக்கச் சொல்லுவேன். அவன் கணக்குல தேறினது அப்படித்தான்.

கேள்வி: மாசக் கடைசி வாரம். டப்பா எல்லாம் அடி தெரிகிறது. என்ன சமைக்க? (வண்ணாரப்பேட்டை, புதுக் குடித்தனம்)

பதில்: இதுக்கு நம்ம ஊர்ல பொறந்ததுக்கு நாம குடுத்து வச்சிருக்கணும். தொலி உளுந்து (கறுப்புத் தோலோட உள்ளது) ஒரு பங்கு, அரிசி ரெண்டு பங்கு, நாலஞ்சு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு. குக்கர்ல வச்சா உளுந்தம்பருப்புச் சோறு. எள்ளு இருந்தா வறுத்து வத்தலும் புளியும் வச்சு ஒரு துவையல் அரைச்சிரு. காய் வேண்டாம், குழம்பு வேண்டாம், ஒரு வேளைக்கு ரெண்டு பேருக்கும் வயிறு கனத்துப் போகும்.

அடுத்த நாள் கூட்டாஞ்சோறு. கூடையில கிடக்கிற அரைக் கத்திரிக்காய், வதங்கின அவரை, ஒத்தை முருங்கைக்காய், வாழைக்காய்த் துண்டு எல்லாத்தையும் நறுக்கி அரிசியும் பருப்புமா சேத்து, தேங்காய், சீரகம், வத்தல், சின்ன வெங்காயம் அரைச்சு ஊத்தி, புளித்தண்ணி விட்டு, கடைசியில பக்கத்து வீட்டு மரத்து முருங்கைக்கீரையை உருவிப் போடு. கேட்டுட்டு உருவு. கூட ஒரு அப்பளம் இருந்தாப் போதும். பொரிக்க எண்ணெய் இல்லைன்னு கடைக்கு ஓடிராத. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை இடுக்கியில பிடிச்சு அடுப்புத் தீயில சுடு. ரெண்டு பக்கமும் கொப்புளம் வந்து ஓரம் லேசாக் கருகினதும் எடுத்து, சூட்டோட ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவிக் குடு. பொரிச்ச அப்பளத்தை உன் வீட்டுக்காரர் அதுக்கப்புறம் கேட்டா எனக்கு எழுது.